நூற்று நாற்பத்து மூன்றாம் ஜோடி

வளர்மதி நடந்து வந்தால் நிழற்சோலையில் எல்லோரும் ஓரமாக ஒதுங்கி வழிவிடுவார்கள். தன்மீதுள்ள மரியாதை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். உண்மையில் இடித்துத் தள்ளிவிடுவாளோ என்ற பயம்தான். எழுபத்திரண்டு வயதும் இடது இடுப்பில் ஒரு உலோகத் தண்டும் இருந்தும் அவள் நடை அப்படி.

தொண்டாமுத்தூர் சாலையில் இருந்த அந்த முதியோர் குடியிருப்பில் இருநூறு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனி வீடு, தனிச் சாவி. சாப்பாட்டுக்கு மட்டும் பொதுக்கூடம். வசதிக்குக் குறைவில்லை என்றாலும் ஒரே ஒரு விதிக்கு எல்லோரும் பயந்தார்கள். கட்டுப் போடுகிற அளவுக்கு ஒருமுறை விழுந்துவிட்டால், ஒரு வாரத்துக்குள் சாவியை ஒப்படைத்துவிட்டுப் பின்னால் இருக்கும் பராமரிப்புப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். அங்கே சாப்பாடு நன்றாக இருக்கும், நர்சுகள் அன்பானவர்கள், கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பி இருக்கும். போனவர் யாரும் திரும்பி வந்ததில்லை.

இங்கே வந்த புதிதில் வளர்மதியும் சுவரோடு சுவராகத்தான் நடந்தாள். சிங்காநல்லூர் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து, பால்காரர் வந்து கதவைத் தட்டும்வரை நாலு மணி நேரம் ஈரத் தரையில் கிடந்தவள் அவள். எலும்பு ஆறு மாதத்தில் கூடிவிட்டது. பயம் போகவில்லை. கணபதியில் ஒரு பம்பு கம்பெனியின் சோதனைப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்து, தன் கையெழுத்து இல்லாமல் ஒரு பம்பையும் வெளியே விடாதவள், கட்டிலிலிருந்து கதவுவரை போவதற்குப் பத்து முறை யோசித்தாள். கனடாவில் இருந்த மகன் சொன்னபடி இங்கே வந்து சேர்ந்தாள்.

அப்புறம்தான் செருப்பு வந்தது.

மெரூன் நிறத்தில், பார்க்கச் சாதாரணச் செருப்பு. காலை நுழைத்தால் ஒரு பட்டை தானாகவே கணுக்காலைச் சுற்றிக்கொள்ளும். அதைக் கொண்டுவந்த டாக்டர் நிரஞ்சனாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. முதல் நாள் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினாள்.

"நம்ம உடம்பு சாயறதுக்கும் விழறதுக்கும் நடுவுல முக்கால் செகண்டு இருக்கும்மா. வயசானா காலுக்கு அந்தச் சேதி போய்ச் சேர நேரமாயிடுது. இந்தச் செருப்பு அதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சு, கெண்டைச் சதையைச் சுண்டிவிடும். கால் தானா சரியான இடத்துல போய் ஊணிக்கும்."

"எல்லாச் செருப்பும் சுண்டுமா அம்மிணி?" என்று கேட்டது வளர்மதிதான். சோதனை என்றாலே அவளுக்கு நாக்கு ஊறும்.

"நூறு ஜோடி சுண்டும்மா. மீதி நூறு ஜோடி அப்பப்ப லேசா கூசும், அவ்வளவுதான். எது எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பட்டியல் பெங்களூர்ல பூட்டி இருக்கு. ரெண்டையும் ஒப்பிட்டாத்தான பலன் செருப்பாலயா, நம்ம நினைப்பாலயான்னு தெரியும்?"

"நாயமான சோதனைதான்" என்று வளர்மதி சான்றிதழ் கொடுத்தாள். தன்னுடைய எண்பத்தாறாம் ஜோடி சுண்டுகிற ஜோடிதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், இருநூறு பேரும் தத்தம் ஜோடியைப் பற்றி அப்படியேதான் நம்பினார்கள்.

பதினான்கு மாதத்தில் வளர்மதி ஆளே மாறிவிட்டாள். சுவரை விட்டாள், கைத்தடியைப் பரணில் போட்டாள், மொட்டை மாடிக்கு ஏறி வடகம் காயவைத்தாள். போன இடமெல்லாம் எண்பத்தாறின் புகழ் பாடினாள். கால் கொஞ்சம் கூசும்போதெல்லாம், "பாத்தியா, புடிச்சிருச்சு!" என்பாள்.

அந்தப் புகழை அதிகம் கேட்டவள் பக்கத்து வீட்டு ஜமீலா. எழுபது வயது. நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள், எழுதிப் போட்ட விதி எதையும் மீறத் தெரியாதவள். வீட்டுக்குள்ளும் செருப்பைப் போடச் சொல்லி அதோடு வந்த கையேட்டில் இருந்தது. வளர்மதி உள்பட முக்கால்வாசிப் பேர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுக்களைக்குள் செருப்போடு நடக்க யாருக்கு மனம் வரும்? ஜமீலா நடந்தாள். தொழுகைக்கும் தூக்கத்துக்கும் மட்டும் கழற்றினாள்.

ஒரு வியாழக்கிழமை காலை, இட்லி சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கூடத்திலிருந்து வெளியே வந்தார்கள். வாசலில் வழக்கம்போல் இருநூறு மெரூன் ஜோடிகள். வளர்மதி யாரிடமோ எண்பத்தாறின் பெருமையைச் சொல்லிக்கொண்டே, குனிந்து பார்க்காமல் காலை நுழைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். பத்தடி போவதற்குள் பின்னால் ஒரு சத்தம் கேட்டது.

மூன்றே படிதான். ஜமீலா கீழே கிடந்தாள். இடது மணிக்கட்டு பார்க்கச் சகிக்காதபடி திரும்பியிருந்தது. அவள் அழவில்லை. ஓடிவந்து குனிந்த வளர்மதியிடம், "செருப்பு புடிக்கவே இல்லீங்க்கா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரோ ஏமாற்றிவிட்டதுபோல் இருந்தது அந்தக் குரல்.

நர்சு வந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கவிழ்ந்து கிடந்த அதன் அடியில் எண் தெரிந்தது. எண்பத்தாறு.

வளர்மதி தூணைப் பிடித்துக்கொண்டு தன் வலது காலைத் தூக்கிப் பார்த்தாள். நூற்று நாற்பத்து மூன்று.

கட்டுப் போட்டு முடியும்வரை ஜமீலாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மெல்லக் கேட்டாள்: "ஏ ஜமீலா, உன் செருப்பு எப்படிப் புடிக்கும்? கூசுமா?"

"கூச்சமா? வெடுக்குனு இழுக்குமுங்க்கா. கூட நடக்கறவங்க கையப் புடிச்சு இழுக்கறாப்பல. ஒரு நாளைக்கு முப்பது நாப்பது தடவ இழுக்கும். உங்களுது இழுக்காதா?"

வளர்மதி குனிந்து தன் காலைப் பார்த்தாள். மத்தியானம் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கூடத்து வராந்தாவுக்குப் போனாள். நூற்று நாற்பத்து மூன்று இன்னும் அவள் காலில்தான் இருந்தது. தூணுக்கு ஒரு சாண் தள்ளி நின்று, ஒற்றைக் காலைத் தூக்கி, வேண்டுமென்றே பக்கவாட்டில் சாய்ந்தாள். கணுக்காலில் பட்டை இறுகியது. கெண்டைச் சதை வெடுக்கென்று சுண்டி, தூக்கிய கால் அவளைக் கேட்காமலே தரையில் ஊன்றியது. மறுபடி சாய்ந்தாள். மறுபடி அதே பிடி. பதினான்கு மாதத்தில் இப்படி ஒன்றை அவள் உணர்ந்ததே இல்லை.

முப்பத்தொரு வருடம் பம்பு சோதித்தவளுக்கு மிச்சத்தை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தன்னுடையது வெறும் செருப்பு. அதை நம்பி நடந்து நடந்து அவள் கால்கள் தாமாகவே உரம் ஏறின. ஜமீலாவுடையது உண்மையான செருப்பு. அது தாங்கித் தாங்கியே அவள் கால்கள் வேலையை மறந்துபோயின. அந்தக் கால்களை வெறும் செருப்போடு படியிறங்க வைத்தவள் வளர்மதி, கீழே பார்க்காமல் பெருமை பேசிக்கொண்டு போன அதே வளர்மதி.

வீட்டுக்குத் திரும்ப நூறடி. முதல் அடியை வைக்கும்போதே இன்னொன்றும் புரிந்தது: இந்தப் பதினான்கு மாதமும் தன்னை எதுவும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அதில் பெருமைப்பட அல்லவா வேண்டும்? மாறாக, சிங்காநல்லூர்க் குளியலறையின் ஈரத்தரை அப்படியே கண்முன் வந்து நின்றது. கை தானாகச் சுவரைத் தேடியது. நூறடியும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனாள்.

அன்று சாயங்காலம் முழுக்க அவளுக்குள் ஒரு வழக்கு நடந்தது. எண்ணைப் பார்த்தது அவள் மட்டும்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. சொன்னால், தோழியை விழவைத்தவள் என்ற பேர் வரும். செருப்பெல்லாம் திரும்பப் போகும். இருநூறு பேரும் அவளைப்போலவே சுவரைத் தேடுவார்கள். ஆனால் அடுத்த வியாழக்கிழமை ஜமீலாவின் சாவி போய்விடும். புத்தக அலமாரி நிறைந்த அந்த வீட்டிலிருந்து கம்பி வைத்த கட்டிலுக்கு அவள் போவாள். தவறு செய்தவள் ஒருத்தி, தண்டனை இன்னொருத்திக்கு. அதை நினைத்தபோது வளர்மதிக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை நிரஞ்சனாவின் அறைக்குப் போய் இரண்டு ஜோடிகளையும் மேசைமேல் வைத்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

நிரஞ்சனா திரையில் எதையோ தேடினாள். பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "ஒவ்வொரு செருப்பும் நடையைப் பதிவு பண்ணுதும்மா. நான் யாரு விழுந்தாங்கன்னு மட்டும்தான் பாத்தேன். யாரு போட்டிருக்காங்கன்னு பாக்கவே தோணல. இப்ப பாத்தா அறுபத்துமூணு ஜோடி ஆள் மாறியிருக்கு. சிலது ஏழெட்டு தடவ."

"வாசல்ல ஒரே மாதிரி இருநூறு ஜோடி விட்டா மாறாம என்ன பண்ணும் அம்மிணி? கல்யாண மண்டபத்துக்கே நீ போனதில்லையா?"

"டிசைன் பண்ணினவங்க வீட்டுக்குள்ளயும் செருப்போடவே இருக்கறவங்கம்மா. ஒரு நாளைக்குப் பத்து தடவ கழட்டிப் போடுவாங்கன்னு அவங்களுக்கு எங்க தெரியும்? எனக்குத் தெரியும். நானே சொல்லல." மேசைமேலிருந்த அறிக்கையை அவள் தள்ளிவைத்தாள். "அடுத்த மாசம் இதை மாநிலம் பூரா குடுக்கறதா இருக்கு. விழறது எண்பது சதவீதம் குறைஞ்சிருச்சுன்னு எழுதியாச்சு."

"குறைஞ்சது பொய்யில்லையே?"

"பொய்யில்ல. எது சுண்டுதுன்னு இந்தப் பதிவுலயே தெரிஞ்சுபோச்சு. ரெண்டு பக்கமும் குறைஞ்சிருக்கு. ஆனா உங்க பக்கத்துல கால் தேறியிருக்கு. ஜமீலாம்மா பக்கத்துல கால் தேஞ்சிருக்கு. செருப்பு இருக்கறவரைக்கும் அது வெளிய தெரியாது. என்னிக்காவது ஒருநாள் சார்ஜ் தீர்ந்தா..." அவள் பேனாவை எடுத்தாள். "நிறுத்தச் சொல்லி எழுதறேன்மா. எல்லாத்தையும் இன்னிக்கே வாங்கிடலாம்."

"அவசரப்படாத சாமி" என்றாள் வளர்மதி. பழைய சோதனைப் பிரிவுக் குரல் அவளுக்குத் திரும்பியிருந்தது. "ஓடற பம்புல வால்வைப் படக்குனு மூடினா என்ன ஆகும் தெரியுமா? பைப்பு வெடிச்சுப்போகும். கொஞ்சங்கொஞ்சமாத் திருகி மூடோணும். இந்தச் சுண்டறதையும் அப்படிக் குறைக்க முடியுமா, முடியாதா? வாரத்துக்கு ஒரு திருகு. அது விடவிட, கால் வேலையை எடுத்துக்கட்டும்."

நிரஞ்சனா அவளையே பார்த்தாள். "முடியும்" என்றாள். "எங்க யாருக்கும் இது தோணலையேம்மா."

"நீங்க யாரும் பம்பு சோதிச்சதில்லையே."

ஜமீலாவின் சாவியை வாங்க வேண்டாம் என்று கேட்க இருவரும் மேலாளரிடம் போனார்கள். குமரகுரு நல்ல மனிதர்தான். ஆனால் விதி என்று ஒன்று இருந்தால் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளத் தெரிந்தவர். விழுந்தது விழுந்ததுதான் என்றார். நாளைக்கு மறுபடி விழுந்தால் ஜமீலா குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது என்றார்.

வளர்மதி இடுப்பிலிருந்து தன் வீட்டுச் சாவியை எடுத்து அவர் முன்னால் ஆட்டினாள். "ஏனுங்க மேனேஜரு, ஆறு மாசம் குடுங்க. அதுக்குள்ள ஜமீலா விழுந்தா, அவ சாவியோட இதையும் சேத்து வாங்கிக்கங்க. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கறோம்."

"உங்களுக்கு எதுக்குங்க இந்த வீம்பு?"

"செருப்ப மாத்திப் போட்டது நானுங்க."

அவர் விதிப் புத்தகத்தை மூடிவைத்தார். நிரஞ்சனாவும் எழுதிக் கொடுத்தாள். ஆறு மாதம் கிடைத்தது. விஷயத்தைக் கேட்டபோது ஜமீலா வெகுநேரம் வளர்மதியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. "சாவிய எதுக்குங்க்கா பந்தயம் வெச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் இருவரும் தோட்டத்தைச் சுற்றினார்கள். பட்டியல் பெங்களூரிலிருந்து வந்தது. அவரவர் ஜோடியை அவரவரிடமே திருப்பிக் கொடுத்து, யாருடையது எது என்று எல்லோருக்கும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. இரண்டு நாள் ஒரே கூச்சல். அப்புறம் சுண்டுகிற நூறு ஜோடியிலும் வாரம் ஒரு திருகு குறைக்கப்பட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு, தொண்ணூற்றிரண்டு, எண்பத்தெட்டு என்று நிரஞ்சனா கூடத்துப் பலகையில் எழுதிப் போட்டாள். செருப்புக் கம்பெனிக்காரர்கள் அவள்மேல் கோபமாக இருந்தார்கள், ஆனாலும் மாநில விநியோகத்தைத் தள்ளிவைத்தார்கள். திருகு வைத்த செருப்பையே செய்யலாமா என்று மூன்றாம் மாதம் அவர்களே கேட்டு எழுதினார்கள்.

ஜமீலாவுக்கு முதல் மாதம் நரகம். காலை வைக்குமுன் நெற்றி வியர்க்கும். "நாந்தான் இருக்கேனே, வெய்யி" என்பாள் வளர்மதி, பெரிய தைரியசாலிபோல. ஆனால் தோட்டத்துச் சுவருக்குப் பக்கத்திலேயேதான் நடப்பாள். ஏன் என்று யாராவது கேட்டால் அங்கேதான் நிழல் என்பாள். காலை ஆறு மணிக்கு என்ன நிழல்? ஜமீலா மட்டும் அதைக் கேட்டதில்லை.

சாப்பாட்டுக் கூடத்திலும் அப்படித்தான். ஜமீலா முதலில் எழுந்து வெளியே போய், இரண்டு ஜோடியையும் கால் நுழைக்கத் தோதாகத் திருப்பிவைப்பாள். குனிவதற்கே இப்போது வளர்மதிக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, இடுப்புத் தண்டின்மேல் பழியைப் போட்டிருந்தாள். நான்காம் மாதம் முடிந்தபோது ஏனோ அந்தப் பயம் கொஞ்சம் விட்டது. சுவருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி வந்தது, அப்புறம் இரண்டு முழம். நாள்பட ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆறாம் மாதக் கடைசியில் குமரகுரு சோதனைக்கு வந்தார். ஜமீலா கையில் ஒரு தண்ணீர்ச் சொம்போடு மூன்று படி இறங்கி, தோட்டத்தைச் சுற்றி, மூன்று படி ஏற வேண்டும். ஏறினாள். சொம்பிலிருந்து ஒரு சொட்டுச் சிந்தவில்லை. குமரகுருவே முதலில் கை தட்டினார். வளர்மதிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதை மறைக்க மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

நிரஞ்சனா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஒரு விஷயம்மா. நூத்தி நாப்பத்தி மூணு கடைசி ஒன்பது வாரமா ஒரு தடவகூட யாரையும் புடிக்கல. புடிக்க வேண்டிய அவசியமே வரல. அதான் மூணு வாரத்துக்கு முன்னாடியே பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துட்டேன்."

"நாஞ் சொல்லல? ஜமீலா கெட்டிக்காரி!"

"ஒரு தடவ ஏமாந்தது போதும்னு இப்பெல்லாம் நடையையும் பாக்கறேன்மா. அந்த ஒன்பது வாரமும் அதுல நடந்தது ஜமீலாம்மா இல்ல. வலது பாதம் வெளிப்பக்கம் திரும்பற நடை. இடது இடுப்பைக் காப்பாத்திக்கிட்டு வைக்கற அடி."

வளர்மதி, எதையும் பிடித்துக்கொள்ளாமல், வலது காலைத் தூக்கி அடியைப் பார்த்தாள். நூற்று நாற்பத்து மூன்று. வராந்தாவில் சொம்போடு நின்ற ஜமீலாவின் காலில் எண்பத்தாறு இருக்கும் என்று பார்க்காமலே தெரிந்தது. வெறும் செருப்பு. அதோடுதான் அந்த மூன்று படியும்.

"ஏ ஜமீலா!" கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "எத்தன நாளா இந்த வேலை?"

ஜமீலா சொம்பைக் கீழே வைத்தாள். "ஒம்பது வாரமா. வீட்டுக்குள்ள வெறுங்கால்ல ஒரு மாசம் நடந்து பாத்துட்டுத்தானுங்க்கா மாத்தினேன்."

"விழுந்திருந்தா? ரெண்டு சாவியும் போயிருக்குமே!"

"எனக்கு உங்க சாவி கண்ணுக்குள்ளயே இருந்துச்சு. விழுவனா?" அவள் லேசாகச் சிரித்தாள். "நீங்க உண்மையச் சொன்ன நாள்ல இருந்து செவுத்தப் புடிச்சுக்கிட்டு நடந்தீங்க. எனக்காகச் சொல்லப்போயித்தான உங்க தைரியம் போச்சு? புடிக்கற செருப்பு உங்ககிட்ட இருக்கட்டும்னு நெனச்சேன். சொன்னா வாங்கிக்க மாட்டீங்க."

ஆறு மாதமாக ஜமீலாவைத் தான் நடத்திக்கொண்டு போவதாக அல்லவா வளர்மதி நினைத்திருந்தாள்!

"பூஜ்யம்னா சொன்ன?" என்று நிரஞ்சனாவிடம் திரும்பினாள்.

"ஆமாம்மா. மூணு வாரமா அதுவும் வெறும் செருப்புதான்."

வளர்மதி பட்டையைத் தளர்த்தி, இரண்டு கால்களையும் வெளியே எடுத்தாள். நூற்று நாற்பத்து மூன்றை வாசலில் மற்ற ஜோடிகளோடு தள்ளிவிட்டாள். ஜமீலாவும் ஒன்றும் கேட்காமல் எண்பத்தாறைக் கழற்றினாள். இருவரும் கைப்பிடிக் கம்பியைத் தொடாமல் படியின் நடுவாக இறங்கினார்கள். தோட்டத்து மண் காலை வெயிலில் லேசாகச் சுட்டது. சின்னச் சின்னக் கற்கள் பாதத்தில் குத்தின.

"கல்லு குத்துதுங்க்கா" என்றாள் ஜமீலா.

"குத்தட்டும். வேகமா வா."

எதிரே வந்தவர்கள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள்.